ஒரு கொடி கிள்ளித் தர்றீங்களா?



மணி பிளாண்ட் பூத்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். பால்கனிக் கம்பியிலும், வங்கியில் காசாளர் மேசை ஓரத்திலும், பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலிலும் இத்தனை காலமாக நம்மோடு இருக்கும் இந்தக் கொடி பூப்பதே இல்லை. பசிபிக் பெருங்கடலில் தாஹித்திக்குப் பக்கத்தில் இருக்கும் மூரியா என்ற சிறு தீவு இதன் தாயகம். தாவரவியலாளர்கள் இதற்கு முதன்முதலில் பெயர் வைத்தது 1880-இல். தானாகப் பூத்ததாகக் கடைசியாகப் பதிவானது 1964-இல். ஏன் பூப்பதில்லை என்பதற்கு 2016-இல் விடை கிடைத்தது. பூப்பதற்குத் தேவையான ஜிப்பரெல்லின் என்ற வளர்ச்சிப் பொருளை உண்டாக்கும் மரபணு இந்தச் செடியில் வேலை செய்வதில்லை. அந்தப் பொருளை வெளியிலிருந்து தெளித்தபோது செடி பூத்தது.

பூ இல்லையென்றால் காய் இல்லை, விதை இல்லை. காற்றோ பறவையோ இதை நம் ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்க முடியாது. அப்படியானால் உங்கள் வீட்டுக்கு அது எப்படி வந்தது? யாரோ ஒருவர் கிள்ளிக் கொடுத்தார். அவருக்கு வேறொருவர் கொடுத்தார். நர்சரியில் காசு கொடுத்து வாங்கியிருந்தாலும், அங்கேயும் ஒரு கை கொடியை வெட்டித்தான் பையில் நட்டது. இந்தத் தொடரைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால், பெயர் தெரியாத எத்தனையோ பேரின் கைகளைக் கடந்து அந்தத் தீவுக்கே போய்விடலாம். சின்னச் சின்ன சந்தோஷங்களைப் பற்றி இந்த மாதம் எழுதலாம் என்று உட்கார்ந்தபோது எனக்கு முதலில் தோன்றியது இந்தச் செடிதான். அப்படிப்பட்ட சந்தோஷங்களில் பெரும்பாலானவை இன்னொரு மனிதர் வழியாகத்தான் நம்மிடம் வந்து சேர்கின்றன என்று நான் நம்புகிறேன்.

மணி பிளாண்டைத் திருடி வைத்தால்தான் தழைக்கும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. கேட்டு வாங்கினால் அதிர்ஷ்டம் வராதாம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கேட்டு வாங்குவதில்தான் பாதி இன்பமே இருக்கிறது. மாடிப்படியில் தினமும் தாண்டிப் போகும் கதவுக்கு முன்னால் ஒரு நாள் நின்று, “அக்கா, இதுல ஒரு கொடி கிள்ளித் தர்றீங்களா?” என்று கேட்டுப் பாருங்கள். கேட்ட உடனே அந்த அக்காவின் முகம் மாறும். கத்தரிக்கோல் எடுக்க உள்ளே போவார். திரும்பி வரும்போது கொடியோடு யோசனைகளும் வரும்: வெயிலில் வைக்காதே, அரிசி கழுவின தண்ணீர் ஊற்று, பழுத்த இலையை அவ்வப்போது எடுத்துவிடு. செடி வளர்ப்பவர்களுக்கு அதைப் பற்றிக் கேட்க ஆள் கிடைப்பது பெரிய விஷயம். பல ஆண்டுகள் ‘பி பிளாக் மூணாவது மாடி’ என்று மட்டும் அறிந்திருந்தவரின் பெயரும், அவர் சொந்த ஊரும், மகள் படிக்கும் படிப்பும் அந்தக் கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

வாங்கிய கொடியை என்ன செய்வது? இலையை மட்டும் கிள்ளி நீரில் போட்டால் அது புதுச் செடியாகாது. கொடியில் இலை புறப்படும் இடத்தில் ஒரு கணு இருக்கும், அதன் அருகே பழுப்பு நிறத்தில் சிறு முனை ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். வேர் வரப்போவது அங்கிருந்துதான். கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, கணு நீரில் மூழ்கும்படி கண்ணாடிப் பாட்டிலில் வையுங்கள். முதல் சில நாட்கள் ஒன்றும் நடக்காது. பிறகு ஒரு காலையில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரியும். அது நீளும், கிளைக்கும், பாட்டிலின் அடியைத் தொடும். மண்ணுக்குள் நமக்குத் தெரியாமல் நடக்கிற ஒரு காரியத்தை இப்படிக் கண்ணெதிரே பார்க்கக் கிடைப்பது, காப்பி போட அடுப்படிக்குப் போகிறவரை ஜன்னல் பக்கம் இழுத்து நிறுத்திவிடும். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் பாட்டிலை அவர்கள் கண்மட்டத்தில் வைத்துவிடுங்கள். பாடப் புத்தகம் வேரைப் பற்றிச் சொல்வதைவிட அது நன்றாகச் சொல்லிக்கொடுக்கும்.

இரண்டு எச்சரிக்கைகளையும் சொல்லிவிட வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இப்படிப்பட்ட தெளிந்த நீரில் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் வாரத்துக்கு ஒரு முறையாவது நீரை மாற்றி, பாட்டிலின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். இரண்டாவது, இந்த இலையில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. தவழும் குழந்தையோ பூனையோ மென்றால் வாய் எரிந்து வீங்கும். அப்படி யாராவது இருக்கும் வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

செடியால் மனிதர்கள் கூடுவதை இன்னும் நன்றாகப் பார்க்க வேண்டுமானால், பிரம்மகமலம் வைத்திருக்கும் வீட்டுக்கு அது பூக்கும் இரவில் போக வேண்டும். நம் மொட்டை மாடிகளிலும் பால்கனிகளிலும் அந்தப் பெயரில் வளர்வது மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த ஒரு கள்ளி வகை. இலைபோலத் தட்டையாக இருப்பது உண்மையில் அதன் தண்டு. ஒரு துண்டை வெட்டி மண்ணில் செருகினால் போதும், அதுவும் வேர் பிடித்துக்கொள்ளும். ஆக இதுவும் பெரும்பாலும் கைமாறி வருகிற செடிதான். ஆண்டின் பெரும்பகுதி அது அழகற்று, ஒழுங்கில்லாமல், யாரும் திரும்பிப் பார்க்காத மாதிரி வளர்ந்து கிடக்கும். வெயில் தணிந்து மழை விழுந்த பிறகு மொட்டு வைக்கும். தொங்கிக்கொண்டிருந்த மொட்டு, பூக்கப் போகும் நாளில் காம்பை வளைத்து மேலே தூக்கும். அதைப் பார்த்ததும் வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்துவிடும், இன்றைக்கு ராத்திரிதான் என்று.

அதன் பிறகு நடப்பது எனக்கு மிகவும் பிடித்த காட்சி. குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் தண்ணீர் லாரியையும் பராமரிப்புக் கட்டணத்தையும் தவிர வேறு பேச்சே கிடையாது. அதில் திடீரென்று, “எங்க வீட்ல பிரம்மகமலம் பூக்குது, எல்லாரும் வாங்க” என்று ஒரு செய்தி வரும். எட்டரை, ஒன்பது மணிக்கு இதழ்கள் பிரியத் தொடங்கும். நைட்டியின் மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு பெண்கள் வருவார்கள். தூங்கிவிட்ட குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒருவர் வருவார். கார் நிறுத்தும் இடத்துக்காக ஒருவரோடொருவர் பேச்சை நிறுத்தியிருந்த இரண்டு வீட்டுக்காரர்களும் ஒரே பூவின் முன்னால் நிற்பார்கள். மணம் மாடிப்படி வரை இறங்கும். சிலர் விளக்கேற்றிக் கும்பிடுவார்கள், சிலர் போன் எடுத்துப் படம் பிடிப்பார்கள். நள்ளிரவு வாக்கில் பூ முழுதாக விரிந்து, விடிவதற்குள் துவண்டு தொங்கிவிடும். அடுத்த வாரம் அந்த வீட்டுக்காரரிடம் ஒரு துண்டு கேட்டு யாராவது வந்து நிற்பார்கள்.

செடி வளர்க்கும் இன்பத்துக்கு ஒரு பயனையும் சேர்த்துச் சொன்னால்தான் மதிப்பு என்று இப்போது ஒரு பழக்கம் வந்திருக்கிறது. “வீட்டுக் காற்றைச் சுத்தம் செய்யும் பத்துச் செடிகள்” என்ற பட்டியலைப் பார்க்காதவர் இருக்க முடியாது. பெரும்பாலும் அதன் அடியில் நாசாவின் பெயர் இருக்கும். பில் வுல்வர்ட்டன் என்ற விஞ்ஞானி நாசாவுக்காக 1989-இல் வெளியிட்ட ஆய்வு அது. உண்மையான ஆய்வுதான். ஆனால் அது நடந்தது காற்றுப் புகாத சிறு பெட்டிகளுக்குள். நம் வீட்டில் கதவு திறக்கிறது, ஜன்னல் திறக்கிறது, காற்று வந்து போகிறது. அமெரிக்காவின் டிரெக்செல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் கணக்கிட்டுப் பார்த்தார்கள். ஒரு கட்டடத்தில் இயல்பாக நடக்கும் காற்றோட்டம் அகற்றுகிற அளவு மாசைச் செடிகள் அகற்ற வேண்டுமானால், ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 10 முதல் 1,000 செடிகள் வரை வைக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தது. அத்தனை செடிகளை வைத்துவிட்டு நாம் எங்கே நிற்பது? காற்றைச் சுத்தமாக்க ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும். செடியை அது செடியாக இருப்பதற்காக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு புதுத் துளிர் சுருள் பிரிவதைப் பார்த்து ஒருவருக்கு மனம் நிறைந்தால், அதற்கு மேல் எந்தக் காரணமும் தேவையில்லை.

வீட்டுக்குள் செடி வளர்க்கும் ஆசைக்கும் நாம் குடிக்கும் தேநீருக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1829 வாக்கில் லண்டனில் நத்தேனியல் வார்டு என்ற மருத்துவர், ஒரு விட்டில் பூச்சி கூட்டிலிருந்து வெளிவருவதைப் பார்ப்பதற்காக, மூடிய கண்ணாடிப் பாட்டிலில் ஈர மண்ணைப் போட்டு வைத்திருந்தார். மண்ணிலிருந்து ஒரு பெரணியும் புல்லும் முளைத்தன. நீர் ஊற்றாமலேயே அவை உயிரோடு இருந்தன, ஏனென்றால் ஆவியான நீர் கண்ணாடியில் படிந்து மீண்டும் மண்ணுக்கே திரும்பியது. அதிலிருந்து பிறந்த கண்ணாடிப் பெட்டிகள் முதலில் லண்டன் வீடுகளின் வரவேற்பறைகளுக்குப் போயின, பிறகு கப்பல்களில் ஏறின. 1840-களின் இறுதியில் ராபர்ட் ஃபார்ச்சூன் என்பவர் சீனாவிலிருந்து தேயிலைச் செடிகளை ரகசியமாக எடுத்து, அப்படிப்பட்ட பெட்டிகளில் வைத்துத்தான் இமயமலை அடிவாரத்துக்கு அனுப்பினார்.

தேநீர் என்றதும் டீக்கடைக்குப் போய்விட வேண்டியதுதான்.

நம் ஊர் டீக்கடையில் பேச்சைத் தொடங்க அறிமுகம் வேண்டாம். “அண்ணே, அந்த நடுப்பக்கம் முடிச்சிட்டீங்களா?” போதும். ஒரே நாளிதழ் நாலாகப் பிரிந்து நாலு கைகளில் இருக்கும். ஒருவர் சினிமாப் பக்கத்திலும் ஒருவர் மாவட்டச் செய்தியிலும் இருப்பார்கள். ஒருவர் வாய்விட்டுப் படிக்கும் தலைப்புக்கு இன்னொருவர் பதில் சொல்வார். பாய்லருக்குப் பின்னாலிருந்து மாஸ்டர் தீர்ப்பு சொல்வார். சர்க்கரை கம்மி, ஸ்ட்ராங் என்று கேட்காமலே உங்கள் டம்ளர் வந்துவிட்டால், அந்தத் தெருவில் நீங்கள் ஓர் ஆளாகிவிட்டீர்கள் என்று பொருள். பெயர்கூடத் தெரியாத ஒருவர் நம் டீயை நினைவில் வைத்திருப்பது மனதுக்கு எவ்வளவு இதமானது என்பது, வேலைக்காக வேற்றூரில் தனியாகத் தங்கியவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கில்லியன் சாண்ட்ஸ்ட்ரம், எலிசபெத் டன் இருவரும் ஒரு காப்பிக் கடைக்கு வந்தவர்களில் சிலரை, காப்பி போட்டுத் தருபவரின் முகத்தைப் பார்த்துச் சிரித்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மற்றவர்களை வேலையை மட்டும் சட்டென்று முடித்துக்கொண்டு வரச் சொன்னார்கள். பேசியவர்களே கூடுதல் மகிழ்ச்சியோடு வெளியே வந்தார்கள். சிகாகோவில் நிக்கோலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் என்ற இருவர் ரயிலிலும் பேருந்திலும் பயணம் செய்பவர்களிடம் சோதித்தார்கள். பக்கத்து இருக்கைக்காரரோடு பேசினால் பயணம் கசக்கும், சும்மா இருந்தால் நிம்மதி என்றுதான் மக்கள் எதிர்பார்த்தார்கள். பேசச் சொல்லி அனுப்பப்பட்டவர்களின் பயணமே இனிமையாக அமைந்தது. இரண்டு ஆய்வுகளும் 2014-இல் வெளிவந்தவை. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்தத் தவறான எதிர்பார்ப்பு. பக்கத்தில் இருப்பவர் பேச விரும்பமாட்டார் என்று நாமாகவே முடிவு செய்துகொண்டு போனை எடுத்துவிடுகிறோம். அவரும் நம்மைப் பற்றி அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

மழைக்கு ஒதுங்கிய முன்பின் தெரியாதவர்கள் பேசிக்கொண்டதிலிருந்து ஒரு பக்தி இலக்கியமே தொடங்கியதாக நம் மரபு சொல்கிறது. திருக்கோவலூரில் ஓர் இரவு, இருட்டு, கொட்டும் மழை. ஒரு வீட்டின் இடைகழியில் பொய்கையாழ்வார் படுத்திருந்தார். பூதத்தாழ்வார் வந்து இடம் கேட்க, ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம் என்று எழுந்து உட்கார்ந்துகொண்டார். பேயாழ்வார் வந்ததும் மூவரும் எழுந்து நின்றார்கள். காஞ்சி, மாமல்லபுரம், மயிலாப்பூர் என்று மூன்று ஊர்க்காரர்கள். நாலாவதாக யாரோ நெருக்குவதை உணர்ந்து, அது இறைவன் என்று கண்டு பாடியவையே மூன்று திருவந்தாதிகள் என்பது அந்தக் கதை. படுத்திருந்தவர் எழுந்து இடம் கொடுத்தார் என்பதை நான் அந்தக் கதையில் எப்போதும் நினைத்துக்கொள்வேன்.

இடம் என்பதுதான் இங்கே அடிப்படை. சென்னை கதீட்ரல் சாலையில் செம்மொழிப் பூங்கா இருக்கும் நிலத்தில் 1962 முதல் 2008 வரை உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகம் இருந்தது. பெரிய மரங்களுக்கு அடியில் காரை நிறுத்தினால், தட்டைக் கார்க் கதவிலேயே மாட்டித் தருவார்கள். கார் இல்லாதவர்கள் உள்ளே மேசையில் உட்காரலாம். ஒரு காப்பியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் இருக்கலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். எத்தனையோ நட்புகளும், வியாபாரப் பேச்சுகளும், பெண் பார்க்கும் படலங்களும் அங்கே நடந்தன. அது மூடப்பட்டபோது நகரத்தில் ஒரு தலைமுறையே வருந்தியது. 2010-இல் அதே இடத்தில் பூங்கா திறந்தது. சுமார் 20 ஏக்கர், நிறையச் செடி வகைகள், பழைய மரங்கள் பலவும் இருக்கின்றன. செடிகளுக்கு நல்ல வீடு கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் மரத்தடியும் காப்பியும் முகம் தெரியாதவர்களின் பேச்சும் ஒன்றாகக் கூடிய ஓர் இடம் அதன் பிறகு சென்னைக்குக் கிடைக்கவில்லை. இப்போதைய காப்பிக் கடைகளில் ஒரு கோப்பையின் விலையே பலரை வாசலில் நிறுத்திவிடுகிறது. புதிதாக வரும் டீக்கடைகளில் பலவற்றில் பெஞ்சே கிடையாது. நின்று குடித்துவிட்டு நகர வேண்டும்.

அந்தப் பெஞ்சில் எல்லோரும் எப்போதும் சமமாக உட்கார்ந்துவிடவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். டீக்கடைகளில் சாதி பார்த்துத் தனிக் குவளை கொடுத்த இரட்டைக் குவளைக் கொடுமை இன்னும் முற்றாக ஒழிந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. 1957-இல் திருவல்லிக்கேணியில் ஓர் உணவகத்தின் பெயர்ப்பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை நீக்கச் சொல்லிப் பெரியார் போராட்டமே நடத்த வேண்டியிருந்தது. முன்பின் தெரியாத ஒருவருக்குப் பக்கத்தில் சாதாரணமாக உட்கார்ந்து டீ குடிக்கும் சின்ன இன்பத்துக்காகப் பலர் அடிபட்டிருக்கிறார்கள், சிறை போயிருக்கிறார்கள்.

பெண்களின் கதை வேறு. எனக்கும் தெருமுனை பெஞ்சில் உட்கார்ந்து நடுப்பக்கத்தைக் கேட்டு வாங்கிப் படிக்க ஆசை உண்டு. உட்கார்ந்தால் கடை ஒரு கணம் அமைதியாகிவிடும். தோழியோடு போனால் பரவாயில்லை, காருக்குள்ளேயே வாங்கிக் குடித்தால் பரவாயில்லை, பேருந்துக்குக் காத்திருந்தால் பரவாயில்லை. வேலை எதுவும் இல்லாமல் ஒரு பெண் பொது இடத்தில் இருந்தால்தான் எல்லோருக்கும் கேள்வி வருகிறது. மும்பையை முன்வைத்து ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011-இல் எழுதிய ‘ஒய் லாய்ட்டர்?’ என்ற புத்தகம் இதைத்தான் பேசுகிறது. காரணம் ஏதும் சொல்லாமல் சும்மா தெருவில் இருக்கவும் சுற்றவும் பெண்ணுக்கு உரிமை வேண்டும் என்று அது வாதாடுகிறது. நான் அதை முழு மனதோடு வழிமொழிகிறேன். வீட்டுச் செடிகளைப் பெண்களே அதிகம் பராமரிக்கிறார்கள், டீக்கடை பெஞ்சை ஆண்களே நிறைக்கிறார்கள். இந்தப் பாகுபாடு தானாக வந்ததல்ல. தெருவில் உட்கார இடம் கிடைக்காதவர்கள்தான் பால்கனியின் ஓரத்தில் தங்களுக்கென்று ஓர் உலகத்தை உண்டாக்கிக்கொண்டார்கள். அந்த உலகம் அழகானது. அதற்காகத் தெரு வேண்டாம் என்று ஆகிவிடாது.

எனவே இந்த மாதம் உங்களிடம் சில வேண்டுகோள்கள். உங்கள் வீட்டில் தழைத்த கொடி இருந்தால் ஒரு கணுவை வெட்டி, இதுவரை பேசாத ஒரு பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். டீக்கடை வைத்திருக்கும் வாசகர்கள் நமக்கு நிறையப் பேர் உண்டு. அவர்களிடம் உரிமையோடு கேட்கிறேன்: பெஞ்சை எடுத்துவிடாதீர்கள். ஒரு பெண் வந்து உட்கார்ந்தால், மற்றவர்களிடம் எப்படிக் கேட்பீர்களோ அப்படியே, ஸ்ட்ராங்கா லைட்டா என்று மட்டும் கேளுங்கள். பெண் வாசகர்களே, தோழியையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டாவது ஒரு நாள் அந்த பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள்.

யாரிடம் கொடி வாங்கினீர்கள், யாருக்குக் கொடுத்தீர்கள், பெயர் தெரியாத யாரோடு எந்தக் கடையில் எதைப் பற்றிப் பேசினீர்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். அஞ்சலட்டையில் நாலு வரி போதும். வருகிற 15-ஆம் தேதிக்குள் கிடைக்கும் கடிதங்களுக்கு அடுத்த இதழில் நடுப்பக்கங்களை ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்